ஆஸ்துமாவுக்கு கேஸ் மாத்திரை: அவரவர் அனுபவம்

பனிக்காலத்துக்காரி:
வயிற்று அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை ஆஸ்துமாவுக்கும் உதவுமா என்று பார்த்த ஆய்வைப் பற்றி இங்குள்ள பலருக்கும் தெரியும் என்பதால் நேராக என் கதைக்கு வருகிறேன். அமெரிக்க நுரையீரல் சங்கத்தின் ஆய்வு மையங்கள் நடத்தி, 2009இல் முடிவு வெளியான சோதனையில் பங்கேற்ற 412 பேரில் நானும் ஒருத்தி. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தும் இழுப்பு அடங்காதவர்களாகவும், நெஞ்செரிச்சல் என்று பெரிதாகச் சொல்ல ஏதும் இல்லாதவர்களாகவும் பார்த்துச் சேர்த்தார்கள். எசோமெப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை 40 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 24 வாரங்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு அதே உருவில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை உணவுக்குழாய் வரை இறக்கி, ஒரு நாள் முழுவதும் அப்படியே இருக்கச் சொன்னார்கள். எரிச்சல் என்பதையே அறியாத எனக்கு அமிலம் மேலேறுகிறது என்று அதில் தெரிந்தது. அன்றே மாத்திரையின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. மூன்றாம் மாதம், துணிக்கூடையோடு மாடிப்படி முழுவதையும் நடுவில் நிற்காமல் ஏறினேன்; மேலே போய்க் கணவரைக் கூப்பிட்டு, மூச்சு வாங்காததைக் காட்டினேன். எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து மையத்திலிருந்து தொலைபேசியில் ஒரு செவிலியர் அழைத்து, எனக்குத் தரப்பட்டது வெற்று மாத்திரை என்றார். என் எண்ணைத்தான் பார்க்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டேன். அந்தப் படிக்கட்டு இன்னும் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வைகைக்கரை:
நீங்கள் பெரியவர், தெரிந்து ஒப்புக்கொண்டு சேர்ந்தீர்கள். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது, அவனை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. இரவு இருமல் நிற்காததால், "எதுக்களிப்பாக இருக்கலாம், கொடுத்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் அதே வகை மாத்திரையான லான்சோப்ரசோலை எழுதினார். ஒரு நாள் காலை பள்ளிச் சீருடையில் நின்றபடி, "எனக்கு நெஞ்சே எரியலையே அம்மா, இது எதுக்கு?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. தண்ணீர்க் குவளையை நீட்டினேன். அந்த ஆறு மாதத்தில் இருமல் குறையவில்லை, சளிக்காய்ச்சல்தான் மாறி மாறி வந்தது. அது மாத்திரையால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதே மருந்தை 306 பிள்ளைகளிடம் 24 வாரம் சோதித்தபோது ஆஸ்துமா தணியவில்லை என்பதோடு, மருந்து உண்ட பிள்ளைகளுக்கு மூச்சுப்பாதைத் தொற்றுகள் கூடுதலாக வந்தன என்பதையும் பின்னாளில் படித்தபோது, எனக்கு அந்தக் குவளைதான் நினைவுக்கு வந்தது.

பழைய மருந்தாளுநர்:
முன்னால் எழுதிய இரு சகோதரிகளும் ஒரு பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நள்ளிரவில் புளித்த நீர் தொண்டை வரை வந்து, அதன் பின்னாலேயே இழுப்பும் வரும். மாத்திரை தொடங்கிய பிறகு இரவு எழுவது குறைந்தது. என் கதை இவ்வளவுதான்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு ஆய்வுகளும் எரிச்சல் இல்லாதவர்களிடம் நடந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. எரிச்சல் உள்ளவர்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், லான்சோப்ரசோலால் அன்றாடத் தொல்லை குறையாவிட்டாலும், நோய் திடீரென முற்றுவது குறைந்தது. 2006இல் வெளியான மற்றொன்றில், எரிச்சலும் இரவு மூச்சுத்தொல்லையும் சேர்ந்து இருந்தவர்களின் ஊதும் வேகம், அதாவது கருவியில் மூச்சை ஊதி அளக்கும் வேகம், சிறிதளவு கூடியது. அமிலம் உணவுக்குழாயின் அடிப்பகுதியைத் தொட்டாலே நரம்பு வழியாக மூச்சுக்குழாய் சுருங்கலாம். துளித்துளியாக மூச்சுக்குழாய்க்குள்ளேயே இறங்கவும் செய்யலாம். மாத்திரை அமிலத்தின் வீரியத்தைக் குறைக்குமே தவிர, நீர் மேலேறுவதை நிறுத்தாது. ஆகவே கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி நிலைமை மோசமாகும். இரவு உணவை உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள், இடப்பக்கமாகப் படுங்கள், தொப்பையைக் குறையுங்கள். தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தை உண்பவர்கள், அது வயிற்றின் மேல்வாயைத் தளர்த்தக்கூடியது என்பதை மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் விழுங்குங்கள்; சாப்பிட்டுவிட்டு விழுங்கிப் பயனில்லை என்று குறை சொல்லும் பலரைக் கடையில் பார்த்திருக்கிறேன். எக்காரணம் கொண்டும் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

வைகைக்கரை:
ஐயா, ஒன்பது வயதுப் பையனுக்குத் தொப்பையும் இல்லை, தியோஃபிலினும் இல்லை. எரிச்சல் இல்லாதவனுக்கு ஏன் எழுதினார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்லவே இல்லை. செங்கல்லையும் வைத்துப் பார்த்தேன், மூன்றாம் நாள் அவன் கால்மாட்டில் சுருண்டு கிடந்தான்.

பனிக்காலத்துக்காரி:
மருந்தாளுநர் ஐயா சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். குழாய்ச் சோதனையில் எங்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு அமிலம் ஏறுவது தெரிந்தது. அந்தக் குழுவிலும் மருந்தால் பயன் தெரியவில்லை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தாலும், ஆஸ்துமா கைமீறிய தருணங்கள் மருந்து உண்டவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் அதே 42 விழுக்காட்டினருக்கும் வந்தன. "அமிலம் ஏறுகிறது, ஆகவே இழுப்புக்குக் காரணம் அதுதான்" என்று நானும் நினைத்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆய்வுக்காக நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கிறது. இந்த இழை தொடங்கிய பிறகு நேற்றிரவு அதை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதங்களில் இன்ஹேலரை ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை. தினமும் எழுத வேண்டியிருந்ததால் தவறவிட வெட்கமாக இருந்திருக்கும். ஊதும் வேகமோ முதல் வாரம் 310, 320, 310. படியேறிய வாரம் 320, 310, 320. அந்த நாளின் ஓரத்தில் பென்சிலால், "மாடி, நிற்கவில்லை" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.