வெயில் காலத்தில் நாட்டுக்கோழி முட்டையை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் முட்டையிடுகின்றன. சாப்பிட்டது போக மீதி சேர்ந்துகொண்டே போகிறது. ஃபிரிட்ஜிலோ மாவுப் பாத்திரத்துக்கே இடம் போதவில்லை.

கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய், நுண்துளைகள் வழியே கிருமி நுழைந்துவிடும் என்பதால் எச்சம் ஒட்டியவற்றை உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குகிறேன். தண்ணீரில் மிதப்பதை ஒதுக்கிவிடுகிறேன். இதெல்லாம் சரிதான், வெயிலுக்குத்தான் வழி தெரியவில்லை. சேவலும் கூடவே திரிவதால் எல்லாம் கரு கூடிய முட்டைகள். மதுரை வெக்கையில் வெளியே வைத்தால் கரு வளரத் தொடங்கிவிடுகிறது. நேற்று உடைத்த ஒன்றில் மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூலாக இரத்த நாளங்கள் ஓடியிருந்தன. அதைப் பார்த்த மாமியார் ஆம்லெட்டே வேண்டாம் என்கிறார்.

ஈரமணல் பரப்பிய மண்பானையில் வைப்பவர்கள் இருந்தால், மே மாதத்தில் எத்தனை நாள் தாங்குகிறது என்று சொல்லுங்கள். மணலில் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டுமா? சுண்ணாம்புத் தெளிநீரில் போட்டு வைத்தவர்கள் யாராவது உண்டா, சுவை மாறுகிறதா? சேவலை அடைத்து வைக்கும் யோசனை வேண்டாம். அடைத்தாலும் உடனே பலன் கிடைக்காது, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தியே தீர்த்துவிடும்.