ஒண்டிக்குடித்தன வீட்டுல மெட்டல் டோன்: 5 வாட் ட்யூப் ஆம்ப் போதுமா?

வியாசர்பாடி_ரிஃப்:
ஒரே காம்பவுண்ட்ல எட்டு குடித்தனம். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல நாலரை இன்ச் சுவர்தான். வாசிக்கிறது டிராப் டி (கீழ் கம்பிய இ-ல இருந்து டி-க்கு இறக்குற ட்யூனிங்), பாம் மியூட் (உள்ளங்கையால கம்பிய அமுக்கி அடிக்கிறது), ஹை கெயின் (சிக்னல நல்லா பெருக்கி கிழிக்கிற டோன்). ராத்திரி 9 மணிக்குதான் கிதார எடுக்க முடியும். ஒத்த இஎல்84 பவர் ட்யூப் போட்ட 5 வாட் சிங்கிள் எண்டட் (ஒரே பவர் ட்யூப் முழு அலையையும் தள்ளுறது) காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டில) ஒண்ணு, 8 இன்ச் ஸ்பீக்கரோட செகண்ட் ஹாண்ட்ல வருது. "வாட் கம்மின்னா ஃபுல்லா திருகி, பவர் ட்யூப் கிழியுற டோன சின்ன சத்தத்துலயே எடுத்துடலாம்"னு எங்க பாத்தாலும் எழுதியிருக்காங்க. வாங்கலாமா?

காசிமேடு_கிளாஸ்ஏ:
தாராளமா வாங்கு தம்பி. ஒரு பவர் ட்யூப், ப்ரீஆம்புக்கு (சிக்னல முதல்ல பெருக்குற பகுதி) ஒண்ணோ ரெண்டோ 12ஏஎக்ஸ்7 ட்யூப், அவ்ளோதான் சர்க்யூட். கேதோட் பயஸ் (ட்யூப்ல ஓடுற கரண்ட்ட கேதோட் ரெசிஸ்டரே தானா சரி பண்ணிக்கும்), அதனால ட்யூப் மாத்தும்போது பயஸ் திருப்ப வேண்டியதில்ல. இஎல்84 ஒண்ணே ஒண்ணு வாங்குனா போதும், மேட்ச் பண்ண ஜோடி தேட வேணாம். வால்யூம முக்கால் தாண்டுனதும் பவர் ட்யூப் அமுங்கி, விரல் அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி பேசும் பாரு, அது 100 வாட் ஹெட்ட (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) வால்யூம் 1-ல வச்சி வாசிச்சா வரவே வராது. முன்னாடி ஒரு ஓவர்டிரைவ் பெடல் போட்டா ஹை கெயினும் ஆச்சு.

மில்லிவாட்:
கேக்க நல்லாத்தான் இருக்கு, கணக்கு போட்டா ஒட்டல.

செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல 100 டெசிபல். 5 வாட் கொடுத்தா 107. நாலரை இன்ச் சுவர் வீட்டுல ராத்திரி வாசிக்க 80 டெசிபலே அதிகம். அந்த 80-க்கு எவ்ளோ பவர் வேணும்? 100-ல இருந்து 20 டெசிபல் இறங்கணும், அதாவது 0.01 வாட். பத்து மில்லிவாட்! 5 வாட் ஆம்பும் சரி, 1 வாட் ஆம்பும் சரி, பத்து மில்லிவாட்ல பவர் ட்யூப் தூங்கிட்டுதான் இருக்கும். 20 வாட்ட விட்டுட்டு 5 வாட் வாங்குனா மிச்சமாகுறது வெறும் 6 டெசிபல்.

2000-ஆம் வருஷ ஒலி மாசு விதில குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55, ராத்திரி 10-க்கு மேல 45 டெசிபல்தான். தெருவுல கச்சேரி விடிய விடிய நடந்தா யாரும் வாய தொறக்க மாட்டாங்க, உன் கிதார்னா மட்டும் கதவ தட்டுவாங்க. அது வேற கதை.

அத விட முக்கியமானது, ஹை கெயின் டோன் பவர் ட்யூப்ல பொறக்குறதே இல்ல. ப்ரீஆம்ப்ல மூணு நாலு 12ஏஎக்ஸ்7 ஸ்டேஜ் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா வெட்டிக்கிட்டே போறதுதான் அந்த டோன். அதுக்குப் பின்னாடி நல்ல மாஸ்டர் வால்யூம் (ப்ரீஆம்புக்கு அப்புறம் மொத்த சத்தத்த குறைக்குற நாப்) இருந்தா போதும். உனக்கு வரப்போற காம்போல அந்த ஸ்டேஜெல்லாம் இல்ல.

காசிமேடு_கிளாஸ்ஏ:
நீ 12 இன்ச் ஸ்பீக்கருக்கு கணக்கு போட்ட. தம்பி கேட்டது 8 இன்ச். அது 93 டெசிபல் ரகம்னு வச்சா 5 வாட்ல 100தான் வரும்.

அதுவும் அதிகம்னா அட்டென்யுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல பவர எரிச்சிக் குறைக்குறது) போடு. 8 ஓம் எல்-பேட் (ரெண்டு ரெசிஸ்டர்ல செய்யுற அட்டென்யுவேட்டர்), 12 டெசிபல் குறைக்க, வரிசைல 6 ஓம், ஸ்பீக்கருக்கு குறுக்க 2.7 ஓம். ஆம்புக்குத் தெரியுறது அதே 8 ஓம்தான். பவர்ல முக்கால்வாசி அந்த 6 ஓம்லதான் எரியும். ஃபுல்லா ஓவர்டிரைவ் பண்ணா 5 வாட் ஆம்பே 8, 9 வாட் வரைக்கும் தள்ளும். அதனால 6 ஓமுக்கு 25 வாட் அலுமினியம் உறை போட்ட வயர்வுண்ட், தகரப் பெட்டில ஹீட்சிங்க் பேஸ்ட் தடவி இறுக்கு. 2.7 ஓமுக்கு 10 வாட். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டும் கிடைக்கும். கால் வாட் கார்பன் ரெசிஸ்டர வச்சி ஒப்பேத்தாத. அது எரிஞ்சி ஓபன் ஆயிடுச்சின்னா ஆம்புக்கு லோடே இருக்காது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காலி.

மில்லிவாட்:
எல்-பேட் மதிப்பு சரி. ஆனா 12 டெசிபல் குறைச்சும் 8 இன்ச்ல 88, 12 இன்ச்ல 95 வருது. 80-க்கு வரணும்னா 12 இன்ச்சுக்கு 27 டெசிபல் குறைக்கணும். அப்போ குறுக்க போடுற ரெசிஸ்டர் 0.4 ஓமுக்குக் கீழ போயிடும். ஸ்பீக்கர் கிட்டத்தட்ட ஷார்ட் பண்ண மாதிரி அடக்கி வைக்கப்படும். கோனோட ரெசொனன்ஸ், ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல நடக்குற இழுபறி எல்லாம் போச்சு. நீ காப்பாத்த நெனச்ச "ஃபீல்" அங்கயே செத்துடுது.

அப்புறம் சிங்கிள் எண்டட்ல இன்னொரு வம்பு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ப்ரைமரில 48 மில்லி ஆம்ப் டிசி எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். இரும்புக் கோர் சாச்சுரேட் ஆகாம (காந்தம் நிரம்பி அடைச்சிக்காம) இருக்க ஏர் கேப் (சின்ன இடைவெளி) விடுறாங்க, கேப் விட்டா இண்டக்டன்ஸ் குறையும், இண்டக்டன்ஸ் குறைஞ்சா பேஸ் (கீழ் சத்தம்) கொழகொழன்னு ஆகும். டிராப் டி-ல கீழ் கம்பி 73 ஹெர்ட்ஸ். பாம் மியூட் அடிச்சா "டக்"னு நிக்கணும், இதுல "பொத்"னு விழும். புஷ்-புல்லுல (ரெண்டு பவர் ட்யூப் மாறி மாறித் தள்ளுறது) ரெண்டு ட்யூபோட டிசி-யும் எதிரெதிரா கழிஞ்சிடும், அந்தப் பிரச்னையே வராது. சிக்னல ரெண்டு ட்யூபுக்கும் எதிரெதிரா பிரிச்சுத் தர்ற ஃபேஸ் இன்வர்ட்டர்னு ஒரு ஸ்டேஜ் கூடுதலா இருக்கு, அதுவும் கொஞ்சம் கிரைண்ட் சேக்கும்.

ஹை கெயினுக்கு சின்ன ஆம்ப்தான் வேணும்னா 15, 20 வாட் புஷ்-புல், ரெண்டு இஎல்84, மாஸ்டர் வால்யூம், எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் பக்கத்துக்கும் நடுவுல பெடல் சொருகுற இடம்) இருக்குற ஹெட்டா பாரு. வாட்ட பாக்காத.

லோடுபாக்ஸ்_கொளத்தூர்:
ரெண்டு பேரும் ஸ்பீக்கர விட மாட்டேங்குறீங்க. ராத்திரி வாசிக்க ரியாக்டிவ் லோட் பாக்ஸ் (ஸ்பீக்கர் மாதிரியே ஆம்புக்குத் தெரியுற, சத்தம் போடாத லோடு), ஐஆர் (ஸ்பீக்கர் கேபினட்டோட டோன டிஜிட்டலா பதிவு பண்ண ஃபைல்), ஹெட்ஃபோன். முடிஞ்சது. சும்மா 8 ஓம் ரெசிஸ்டர் டம்மி லோடுல ஐஆர் போட்டா பாட்டம் செத்து, டாப் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். நிஜ ஸ்பீக்கர் இம்பிடன்ஸ் கீழ் ஃப்ரீக்வென்சிலயும் மேல் ஃப்ரீக்வென்சிலயும் ஏறும், அத காட்டுற லோடுதான் வேணும். ட்யூப் ஆம்ப ஸ்பீக்கரோ லோடோ இல்லாம வாசிக்கவே கூடாது, சும்மா ஆன் பண்ணி வச்சி கிதார தொட்டாலும் ப்ரைமரில எகிறுற வோல்டேஜ் சாக்கெட் பின்னுக்கு நடுவுல பொறி விடும்.

உண்மைய சொன்னா அந்தக் காசுக்கு மாடலர் (ஆம்ப் டோன டிஜிட்டலா நகலெடுக்குற பெட்டி) வாங்கினா எந்தச் சண்டையும் இல்ல.

மில்லிவாட்:
10 மணிக்கு மேல நீங்க சொல்றதுதான் சரி. ஆனா ஹெட்ஃபோன்ல கம்பி சஸ்டெயின் ஆகாது (இழுத்து நின்னு ஒலிக்காது). ஸ்பீக்கர் காத்து கம்பிய தள்ளுனாதான் ஃபீட்பேக் வரும். தம்பி 9-ல இருந்து 10 வரைக்கும் ரூம்ல வாசிக்கட்டும்.

பெரம்பூர்_பழைய_வால்வு:
தம்பிங்களா, கணக்குல மில்லிவாட் சொல்றது சரி. காசிமேடு சொல்ற சர்க்யூட்டுக்கும் வழி இருக்கு, ஆனா அப்படியே வச்சா ஹை கெயின் வராது.

முதல் வேலை, டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி பேஸ் வெட்டணும். சின்ன சத்தத்துல காதுக்கு பேஸ் கம்மியாத்தான் கேட்கும். அதனால எல்லாரும் ஆம்ப்ல பேஸ ஏத்துறாங்க. அந்த பேஸ் கெயின் ஸ்டேஜுக்குள்ள போய் சேறாகுது. முன்னாடி வெட்டு, டிஸ்டார்ஷனுக்குப் பின்னாடி லூப்ல ஒரு ஈக்யூ போட்டு 100 ஹெர்ட்ஸ் பக்கம் திருப்பிக் கொடு. டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல்ல டிரைவ் ஜீரோ, லெவல் ஃபுல், டோன் நடுவுல. அது 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ குறைச்சுதான் அனுப்பும், பாம் மியூட் இறுகிடும்.

சர்க்யூட்டுக்குள்ள கை வைக்கத் தெரிஞ்சா:

முதல் ஸ்டேஜ் கேதோட்ல 25 மைக்ரோ ஃபாரட் பைபாஸ் இருந்தா அத எடுத்துட்டு 0.68 போடு, ரெசிஸ்டர 1.5 கே-ல இருந்து 2.7 கே ஆக்கு. மார்ஷல் லீடு பக்கம் இப்படித்தான் இருக்கும். 200 ஹெர்ட்ஸ் சுமாருக்குக் கீழ கெயின் குறைஞ்சிடும்.

கப்ளிங் கெப்பாசிட்டர் (ஒரு ஸ்டேஜ அடுத்ததோட இணைக்குறது) 22 நானோ, அடுத்த கிரிட் லீக் 470 கே-ன்னா கட் ஆகுறது 15 ஹெர்ட்ஸ்ல, அதாவது ஒண்ணும் கட் ஆகல. 2.2 நானோ போட்டா 154 ஹெர்ட்ஸ். எடுத்ததுமே 1 நானோ போட்டா டோன் தகரமாயிடும். 4.7-ல ஆரம்பி.

ஸ்டேஜ் பத்தலன்னா ஒரு 12ஏஎக்ஸ்7 பாதிய கோல்ட் கிளிப்பர் ஆக்கலாம். பைபாஸ் இல்லாம 10 கே கேதோட் ரெசிஸ்டர், மார்ஷல் 2203-ல இருக்குறதுதான். சவுண்ட் அலைல ஒரு பக்கம் சீக்கிரம் வெட்டுப்படும், அந்தக் கரகரப்புதான் நீ தேடுறது. அதுக்கு முன்னாடி 470 கே-ய வரிசைல போட்டு, அது மேல 470 பிகோ குறுக்க போடலன்னா டிரெபிள் மங்கிடும். வயர நீளமா இழுத்தா விசில் அடிக்கும். கிரிட் ரெசிஸ்டர சாக்கெட் பின்னு மேலயே ஒட்டி சோல்டர் பண்ணு.

இதெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி ப்ளக்கப் பிடுங்கு. ஃபில்டர் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் நின்னுக்கிட்டு இருக்கும். 10 கே, 5 வாட் ரெசிஸ்டர கிளிப் வயரோட வச்சி இறக்கு, மீட்டர்ல 5 வோல்ட்டுக்குக் கீழ பாத்துட்டு அப்புறம் கை வை. ஸ்க்ரூடிரைவர வச்சி படார்னு ஷார்ட் பண்ணாத.

காசிமேடு_கிளாஸ்ஏ:
அண்ணே, மோட் சரி. டிரான்ஸ்ஃபார்மர் குறைய பெருசா சுத்தித் தீர்க்கலாமே? சிங்கிள் எண்டட்ல பேஸ் வராதுன்னு மில்லிவாட் சொல்றது கம்பெனிக்காரங்க மிச்சம் பிடிச்ச டிரான்ஸ்ஃபார்மர வச்சி.

பெரம்பூர்_பழைய_வால்வு:
தீர்க்கலாம். ப்ரைமரி 5.2 கே, செகண்டரி 8 ஓம், டர்ன்ஸ் விகிதம் 25.5-க்கு 1. சுத்துறவர்கிட்ட ஒண்ண மட்டும் அழுத்திச் சொல்லணும். அவர் கை பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பழகினது, ஈ (E) வடிவ இரும்புத் தகட்டையும் ஐ (I) வடிவ தகட்டையும் மாத்தி மாத்தி அடுக்கிடுவார். சிங்கிள் எண்டடுக்கு ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவுல மெல்லிசா பேப்பர். அத விட்டா கோர் முதல் கிதார் கார்டுலயே அடைச்சிக்கும், பெருசா சுத்தியும் பிரயோஜனமில்ல. ஆனா அந்தச் செலவையும் ஆம்ப் விலையையும் கூட்டிப் பாரு. ஹை கெயினுக்காகன்னா நான் மில்லிவாட் பக்கம்தான்.

காசிமேடு_கிளாஸ்ஏ:
மெட்டலுக்குன்னா சரி, வாதாடல. கிரஞ்ச் (லேசான கரகரப்பு), ப்ளூஸ்னா இடத்த விட்டுத் தர மாட்டேன்.

வியாசர்பாடி_ரிஃப்:
அப்போ எத பாக்கலாம்? 12 இன்ச் கேபினட் தெரிஞ்சவங்க வீட்டுல இருக்கு, 8 ஓம்.

மில்லிவாட்:
பீவி 6505 எம்ஹெச்: ரெண்டு இஎல்84, 20/5/1 வாட் சுவிட்ச். ஈவிஹெச் 5150 த்ரீ எல்பிஎக்ஸ்: 15 வாட், கால் பவர் சுவிட்ச். ரெண்டும் பொறந்ததே ஹை கெயினுக்கு. 20-ல இருந்து 1-க்கு மாத்துனா குறையறது 13 டெசிபல்தான், மிச்சத்த மாஸ்டர் பாத்துக்கும். ஆரஞ்ச் டைனி டெரர் 2006-ல வந்தது, 15/7 வாட், இந்தச் சின்ன ஹெட் மோகத்த கெளப்பினதே அதுதான். ஆனா லூப் இல்ல, உன் ரிஃபுக்கு முன்னாடி பெடல் கட்டாயம். பிளாக்ஸ்டார் ஹெச்டி-1 ஒரு வாட், பவர் பக்கம் ஒரே ஈசிசி82 புஷ்-புல்லா ஓடுது, அத அந்த 12 இன்ச்ல போட்டா ஆச்சர்யமா இருக்கும்.

கேபினட்ட தரைல வைக்காத. ஸ்டூல்ல தடிமனான ஃபோம் போட்டு ஏத்து, பொதுச் சுவர்ல முதுக ஒட்டி வைக்காத. பக்கத்து வீட்டுக்குப் போறதுல பாதிக்கு மேல தொந்தரவு கீழ் சத்தம்தான்.

பெரம்பூர்_பழைய_வால்வு:
செகண்ட் ஹாண்ட் வாங்கப் போனா மீட்டரோட போ.

பின்னாடி தகட்ட முதல்ல படி. "120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்"னு மட்டும் போட்டிருந்தா, ஸ்டெப் டவுன் வச்சாலும் நம்ம 50 ஹெர்ட்ஸ்ல கோர்ல ஃப்ளக்ஸ் 20 சதவீதம் கூடும், டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். 50/60 போட்டிருந்தா பயமில்ல. டிரான்ஸ்ஃபார்மர் 220 டேப்புல (லைன் வோல்டேஜுக்கு ஏத்த இணைப்பு) இருந்தா 230 அல்லது 240-க்கு மாத்தச் சொல்லு. நம்ம பக்கம் ராத்திரி லோடு குறைஞ்சா லைன் 250 காட்டும். 220 டேப்புல அது ஹீட்டருக்கு 6.3 போக வேண்டிய இடத்துல 7.2 கொடுக்கும். 6.9 தாண்டக் கூடாது.

ஆன் பண்ணி வால்யூம் ஜீரோல கேளு. 100 ஹெர்ட்ஸ் ஹம்னா ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டு போச்சு. 50-ன்னா எர்த்தோ ஹீட்டர் வயரிங்கோ. அந்த வீட்டு ப்ளக்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 3 வோல்ட்டுக்கு மேல இருந்தா ஆம்ப குத்தம் சொல்லாத, எர்த்தோ நியூட்ரலோ சரியில்ல. உன் வீட்டுலயும் அத முதல்ல பாரு, மழைக்காலத்துல கம்பி வழியா ஷாக் அடிக்கும்.

கெயின ஏத்திட்டு ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-யும் பென்சில் ரப்பர் முனையால தட்டு. "டிங்"னு ஸ்பீக்கர்ல மணி அடிச்சா மைக்ரோஃபோனிக். அது முதல் சாக்கெட்ல இருந்தா பின்னாடி சாக்கெட்டுக்கு மாத்து, பெரும்பாலும் தூக்கி எறிய வேண்டி வராது. கேதோட் பயஸ் ஆம்ப்னா இஎல்84 கேதோட் ரெசிஸ்டர் மேல வோல்டேஜ் பாரு. ஒத்த வால்வுக்கு (ட்யூபத்தான் சொல்றேன்) 150 ஓம்ல 8.4 வோல்ட்னா 56 மில்லி ஆம்ப், ஸ்கிரீனுக்கு 6 கழிச்சா 50. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் நடுவுல 280 இருந்தா 14 வாட். இஎல்84-க்கு லிமிட் 12. 200 ஓம் போடாம விட்டா வால்வு சீக்கிரமே பிளேட் சிவந்து போகும்.

ராயபுரம், காசிமேடு பக்கம் இருந்த ஆம்ப்னா சாக்கெட் பின்ன டார்ச் அடிச்சிப் பாரு. உப்புக் காத்துல பச்சையா பூத்திருக்கும், வால்வ ஆட்டினா கரகரங்கும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சி வால்வ நாலஞ்சு தடவ சொருகி எடுத்தா போயிடும். அதுக்கும் போகலன்னா சாக்கெட்டையே மாத்து, பீங்கான் சாக்கெட்டா வாங்கு. விலைய அப்புறம் பேசு.