'சிம்பிள் பிரசன்ட்'டுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான ஆங்கில இலக்கணப் பயிற்சி ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பிரசன்ட் கன்டினுவஸ்' தொல்லை தரவில்லை. 'தொடர் நிகழ்காலம்' என்று வைத்துவிட்டேன். 'சிம்பிள் பிரசன்ட்'டில்தான் சிக்கல். 'சாதாரண நிகழ்காலம்' என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்று ஒரு மாணவி "ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் எவ்ரி டே" என்று எழுதியிருந்தாள். 'ஐ கோ' என்று திருத்தினேன். "தினமும் போகிறேன், இப்போதும் போகிறேன். இரண்டும் போகிறேன்தானே, டீச்சர்?" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'சாதாரணம்' வடசொல், நமக்கு வேண்டாம். தொல்காப்பியர் வினையியலில் 'முந்நிலைக் காலமும் தோன்றும் இயற்கை' பற்றிச் சொல்லும்போது 'மெய்ந்நிலைப் பொதுச்சொல்' என்கிறார், அதாவது முக்காலத்துக்கும் பொதுவான 'செய்யும்' என்னும் வடிவம். உரைகாரர்கள் காட்டுவது 'மலை நிற்கும்', 'ஞாயிறு இயங்கும்'. ஆங்கிலேயன் 'தி சன் ரைசஸ்' என்பதும் இதையே. ஆகவே 'இயற்கை நிகழ்காலம்'. 'பிரசன்ட் கன்டினுவஸ்' என்பதற்கும் நம்மிடம் சரக்கு உண்டு. நன்னூல் சொல்லும் நிகழ்கால இடைநிலைகள் ஆநின்று, கின்று, கிறு. 'உண்ணாநின்றான்' (உண்கிறான்) என்பதற்குள் 'நில்' இருப்பதைப் பாருங்கள். அதை 'நின்ற நிகழ்காலம்' எனலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, 'இயற்கை' என்றால் பிள்ளைகளுக்கு மரமும் ஆறும்தான் நினைவுக்கு வரும். 'நின்ற' என்றால் நின்றுபோனது. தொடர்வதற்கு அந்தப் பெயரா? புழக்கத்தில் உள்ள 'சாதாரண நிகழ்கால'மே இருக்கட்டும்.

ஆசிரியை:
ஐயா காட்டிய 'நிற்கும்' எனக்கு வழி திறந்தது. இன்று கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன்: 'தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும்.' 'அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது.' வேறுபாட்டைப் பிள்ளைகளே சொன்னார்கள். தெரியும், பிடிக்கும் என்று அடுக்கவும் தொடங்கினார்கள். 'ஐ ஆம் நோயிங்' ஏன் கூடாது என்பதற்கு இனி நான் விதி சொல்லத் தேவையில்லை. 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் பேசுவதில்லையே! நான் 'இயல்பு நிகழ்காலம்' என்பேன். வெந்நீரின் இயல்பு, என் அன்றாட இயல்பு இரண்டுக்கும் பொருந்துகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'இயல்பு' நல்ல சொல். ஆனாலும் நூலில் உள்ளது 'இயற்கை'தான். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
'இயல்பு' என்ற பெயருக்கு உடன்படுகிறேன், 'கொதிக்கும்' என்பதில் வரும் 'உம்' ஈற்றை வைத்துச் செய்யும் சோதனைக்கு அல்ல. முக்காலத்துக்கும் ஒத்த பொருளை நிகழ்காலத்தால் சொல்லலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. 'மலை நிற்கிறது' என்றாலும் பிழையில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தன்மையில், அதாவது 'நான்' என்று சொல்லும்போது, அந்த 'உம்' 'போவேன்' ஆகிவிடும். 'தினமும் போவேன்' என்று நினைக்கும் பிள்ளை 'ஐ வில் கோ எவ்ரி டே' என்று எழுதுவாள்.

ஆசிரியை:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. 'இயல்பு நிகழ்காலம்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். 'போவேன்' வரும் பக்கத்தில் 'தினமும்' என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன். அது போதுமா என்று அந்த மாணவியின் அடுத்த நோட்டைத் திருத்தும்போதுதான் தெரியும்.