புதுப்பிப்பு: பூம்பாறையில் ஒரு கட்டுப் பூண்டு

பணி மாற்றலில் கொடைக்கானல் மலையின் பூம்பாறைக்கு வந்த புதிதில், குளிரும் தனிமையும் தாங்காமல் ஊர் திரும்பிவிடலாமா என்று ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேன். "ஓர் அறுவடை வரை இருந்து பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதை நம்பி இருந்துவிட்டேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைப் பக்கத்து வீட்டுப் பாட்டி தண்டோடு சேர்த்துக் கட்டி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார். நேற்று அதில் ஒரு கட்டைக் கொண்டுவந்து, "புகை பட்டாத்தான் கெடாம இருக்கும், வச்சுக்க தம்பி" என்று கையில் திணித்தார். பல்லை உரித்தபோது விரலில் ஒட்டிய பிசுபிசுப்பும் புகைமணமும் இரவு வரை போகவில்லை. ரசத்துக்கு இரண்டே பல் போதுமானதாக இருந்தது. இத்தனை மாதங்களாக அவர் வாசலைத் தினமும் கடந்தும் ஒரு வார்த்தை பேசாதிருந்தது என் தவறுதான். மாற்றல் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லை.