புதுப்பிப்பு: மேசை ரம்பத்துக்கு 40 பல் பிளேடு வாங்கிவிட்டேன்

மேசை ரம்பத்துடன் வந்த பிளேடு மழுங்கிவிட்டது, பொதுவான மரவேலைக்கு எதை வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில்கள் 24 பல்லுக்கும் 80 பல்லுக்கும் இடையே பிரிந்து நின்றன. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நான் வாங்கியது 10 அங்குல, 40 பல் கார்பைடு பிளேடு (பல் முனைகளில் மிகக் கடினமான கார்பைடு பொருத்தியது).

மர இழையின் போக்கில் நீளமாக அறுக்க 24 பல்தான் சிறந்தது. பற்களுக்கு இடையே உள்ள பெரிய பள்ளம் தூளை விரைவாக வெளியேற்றும். 80 பல்லில் தடித்த பலகையை அப்படித் தள்ளினால் சூடேறிக் கருகிவிடும். ஆனால் குறுக்கு வெட்டிலும் பிளைவுட்டிலும் 24 பல் சிராய் பெயர்க்கிறது. பிளேடை அடிக்கடி மாற்ற விரும்பாதவருக்கு 40 பல் உண்மையிலேயே நல்ல நடுவழி. பிளைவுட்டின் அடிப்பக்கத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் சிராய் வருகிறது. வெட்டுக்கோட்டில் ஒட்டுநாடா ஒட்டினால் குறைகிறது.

பல் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த மரம் மீண்டும் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் பிரிப்புத் தகடு, வெட்டின் அகலத்தைவிட மெல்லியதாகவும் பிளேடின் உடலைவிடத் தடித்ததாகவும் இருக்க வேண்டும். வெட்டு அகலம் குறைந்த மெல்லிய பிளேடை வாங்கி, பழைய தடித்த தகட்டை அப்படியே விட்டால் மரம் அதில் முட்டி நின்றுவிடும். பிளேடின் நடுவிலுள்ள அச்சுத் துளை இயந்திரத்தின் அச்சுக்குப் பொருந்துவதையும், பிளேடில் பொறித்துள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருப்பதையும் பார்த்துவிடுங்கள்.

பழைய பிளேடைக் கழுவிப் பார்க்கச் சொன்னவருக்கு: பிசின் போய்விட்டது, ஆனால் கார்பைடு முனைகள் சில உடைந்திருந்தன.