பதில்: பெர்மிஷனுக்கு ஒரு சொல் போதாது

> பெர்மிஷன் என்றால் அனுமதி. 'அக்சஸ் டினைட்' என்றால் அணுகல் மறுக்கப்பட்டது. இதில விவாதிக்க என்ன இருக்கு சேர்?

இருக்கிறது தம்பி. எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்று விண்டோஸில் வைக்கும் 'பெர்மிஷன்' தொடர்பான சொற்களுக்குத் தமிழ் தேடும் இழை இது. நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அலுவலகம். இடமாற்றத்தில் வந்த முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் நெட்வேர்க்கில் உள்ள பொதுக் கோப்புறையைத் திறக்கிறார். எல்லாக் கோப்பும் தெரிகிறது, வாசிக்கவும் முடிகிறது. சேமிக்கப் போனால் 'மறுக்கப்பட்டது' என்று வருகிறது. அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆர் மறுத்தது?" பிரதம லிகிதர்தான் என்று ஒரு ஐமிச்சம். அன்று பின்னேரம் வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்த்தால், யாரும் மறுத்திருக்கவே இல்லை. எழுதும் அனுமதியை ஓரிடத்தில் கொடுத்து இன்னோரிடத்தில் கொடுக்காமல் விட்டிருந்தார்கள், அது எங்கே என்று கீழே வரும்.

ஒரு கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் ஒருவரின் பெயரோ அவர் சேர்ந்த குழுவின் பெயரோ இல்லாவிட்டால் விண்டோஸ் விடாது. பெயரைப் போட்டு 'டினை' என்ற பெட்டியில் சரி அடையாளம் இட்டிருந்தாலும் விடாது. திரையில் இரண்டுக்கும் ஒரே வாசகம்தான் வரும், ஆனால் வைத்தியம் வேறு. முதலாவதற்குப் பெயரைச் சேர்த்தால் வேலை முடிந்தது. இரண்டாவதற்கு அவரை இன்னும் நாலு குழுவில் சேர்த்தாலும் பயனில்லை, அந்தச் சரி அடையாளத்தை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே பெட்டியில் இடுவதைத் 'தடை' என்போம். திரையில் வருவது 'மறுப்பு' என்றே இருக்கட்டும். "மறுப்பு வருகுது, தடை இருக்கா பார்" என்று தொலைபேசியில் சொன்னால் மறுபக்கத்தில் இருப்பவருக்கு விளங்கும்.

> அனுமதியை விட 'உரிமை' நல்லாயிருக்கு. 'பயனர் உரிமை' என்று ஏற்கெனவே எழுதுறம்தானே.

கல்முனை மிஸ்ஸுக்கு: அந்தச் சொல் இன்னொன்றுக்குத் தேவைப்படுகிறது. ஒரு கோப்பிலோ கோப்புறையிலோ பிரின்டரிலோ ஒட்டிக்கொண்டிருப்பது அனுமதி. கணினியை நிறுத்துவது, நேரத்தை மாற்றுவது, காப்புப் பிரதி எடுப்பது போன்றவை ஆளுக்குக் கொடுக்கப்படுபவை, அவைதான் உரிமை. காப்புப் பிரதி எடுக்கும் உரிமை உள்ளவர், அனுமதிப் பட்டியலில் தன் பெயர் இல்லாத கோப்பையும் பிரதி எடுக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

> ஷேர் பெர்மிஷன், என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் இரண்டுக்கும் என்ன சொல்வது?

அந்த உதவியாளரின் சிக்கலே இதில்தான் இருந்தது. கோப்புறையை நெட்வேர்க்கில் பகிரும்போது போடுவது 'பகிர்வு அனுமதி', டிஸ்க்கில் கோப்புறையின் மேலேயே போடுவது 'கோப்புறை அனுமதி' என்பது என் முன்மொழிவு. என்டிஎஃப்எஸ் என்பது டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் முறையின் பெயர். அதை ஒரு லிகிதரின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. நெட்வேர்க் வழியாக வருபவருக்கு இரண்டும் பொருந்தும், எது குறைவோ அதுவே நிற்கும். உன்னிச்சைக் குளத்து மதகில் கொஞ்சம்தான் திறந்தார்கள் என்றால் உங்கள் வயல் வரம்பில் வக்கடையை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் தண்ணீர் அவ்வளவுதான் வரும். கோப்புறையில் மாற்றும் அனுமதியைக் கொடுத்துவிட்டுப் பகிர்வில் 'எவ்ரிவன் – ரீட்' (எல்லாருக்கும் வாசிக்க மட்டும்) என்று இயல்பாக வரும் அமைப்பை அப்படியே விட்டிருந்தார்கள். கோப்பு இருக்கும் கணினியிலேயே போய் இருந்து அதே கணக்கில் நுழைந்து சேமித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். அங்கே முடிந்து, தன் மேசையிலிருந்து முடியாவிட்டால் குறை பகிர்வில் இருக்கிறது. 'எல்லாருக்கும் எல்லாம்' என்று இரண்டிலும் திறந்து விடுகிற ரிப்பேர்க்காரர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, கோபம் வரும்.

கடைசியில் மிஞ்சுவதற்கு, விண்டோஸ் 'எஃபெக்டிவ்' என்பதற்கு, இந்தியச் சொல்லாக்கத்தைப் பார்த்து 'நிகர அனுமதி' என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் சம்பளத் துண்டில் 'தேறிய சம்பளம்' என்றுதான் இருக்கிறது. கழிவெல்லாம் போகக் கைக்கு வருவது. 'தேறிய அனுமதி' என்றால் அலுவலகத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

> இன்ஹெரிட்டன்ஸ் = மரபுரிமை. இது முடிந்த விஷயம்.

புரோகிராமிங்கில் முடிந்திருக்கலாம். இங்கே பேசுவது, மேல் கோப்புறையில் போட்ட அனுமதி அதற்குள் இருக்கும் கோப்புறைகளுக்கும் தானாக வருவதை. இங்கே 'உரிமை'யை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம், 'மரபுரிமை அனுமதி' என்றால் இரண்டும் முட்டும். நான் சொல்வது 'தாய்வழி அனுமதி'. மேலே உள்ள கோப்புறை 'தாய்க் கோப்புறை'. 'பெற்றோர் கோப்புறை' என்று எழுதினால் ஒன்றுக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். கீழே உள்ளதில் தனியாகப் போட்டது 'நேரடி அனுமதி'. விண்டோஸ் பட்டியலைப் பார்க்கும் ஒழுங்கைச் சொல்லிப் பாருங்கள்: நேரடித் தடை, நேரடி அனுமதி, தாய்வழித் தடை, தாய்வழி அனுமதி. தாயிடமிருந்து வந்த தடையை நேரடி அனுமதி வெல்லும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. தடை எப்போதும் வெல்லும் என்று பல கையேடுகள் மொட்டையாக எழுதியிருப்பதன் ஓட்டையும் தெரிகிறது.

இன்னொன்று. குழுவில் பெயரைச் சேர்த்த பிறகும் "இன்னும் விடுகுதில்ல" என்பார்கள். நுழையும்போதுதான் இவர் இன்னின்ன குழு என்று விண்டோஸ் எழுதிக் கொடுக்கிறது, பழையதை வைத்துக்கொண்டு திரிந்தால் பழைய கதைதான். திரையைப் பூட்டித் திறந்தால் போதாது, வெளியேறித் திரும்ப நுழைய வேண்டும். அப்படி எழுதிக் கொடுப்பதன் பெயர் 'டோக்கன்'. அதற்குத் 'துண்டு' என்று வைக்கலாமா? கிளினிக் துண்டு மாதிரி.

---

சேர், அக்கரைப்பற்றிலிருந்து. குடி, அதாவது வம்சம் பார்க்கிற ஊர் எங்கடதும். முஸ்லிம் ஆக்களுக்கும் தாய்வழிக் குடி இருக்கு, அதால 'தாய்வழி' இங்க ஒட்டும். வெளியூர்க்காரர் கேட்டா அவங்களும் பழகட்டும். தடை, மறுப்பு, தேறிய அனுமதி மூன்றுக்கும் என்ட கை.

'துண்டு' மட்டும் வேணாம். 'இணைப்பைத் துண்டித்தல்' என்று அதே கையேட்டில வருகுது. "துண்டு பழசு" என்று சொன்னா கேபிளைக் கழற்றப் போவாங்க. 'நுழைவுச் சீட்டு' என்று போடுவம்.

---

சரி, சீட்டு. லினக்ஸ்காரர் கேட்க முன் சொல்லிவிடுகிறேன்: அவர்களின் அடிப்படை முறையில் உரியவர், குழு, மற்றவர் என்று மூன்று பேர், வாசி, எழுது, இயக்கு என்று மூன்று அனுமதி. தடை என்ற பெட்டியே இல்லை. அங்கே வருவது எல்லாம் மறுப்புத்தான், நம் சொற்கள் அப்படியே போகும். 'ஓனர்' உரியவரா உடைமையாளரா என்பதைத் தனி இழையில் தொடங்குங்கள்.