மாத ஊசிக்கு மாறியவர்கள் எப்படி உணர்கிறீர்கள்?

ஸ்கிசோஃப்ரினியாவுக்கு (மனச்சிதைவு நோய்) ரிஸ்பெரிடோன் மாத்திரை எடுக்கிறேன், அடிக்கடி மறந்துபோகிறது. டாக்டர் மாதம் ஒருமுறை போடும் பாலிபெரிடோன் ஊசி பற்றிச் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் என்னை நம்பாமல் கட்டிப்போடுவது போல இருக்கிறது. போட்டுக்கொள்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்:
எனக்கும் முதலில் அதே கோபம்தான். ஆனால் "மாத்திரை போட்டியா" என்று அம்மா தினமும் கேட்பது நின்றது பாருங்கள், அந்த நிம்மதிக்கே ஊசியைத் தாங்கலாம். முதல் ஊசியும் ஒரு வாரம் கழித்து அடுத்ததும் தோளில், அப்புறம் மாதம் ஒன்று, தோளிலோ இடுப்பிலோ. கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

பதில்:
அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது. எனக்குப் போட்டது பழைய ஃப்ளூபெனசின், நல்லெண்ணெயில் கரைத்த மருந்து (சிரிக்காதீர்கள், நிஜம்). ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும். மாத்திரை என்றால் டாக்டரிடம் சொல்லி உடனே மாற்றலாம், உள்ளே போன ஊசியை வெளியே எடுக்க முடியாதே, வாரக்கணக்கில் அனுபவிக்க வேண்டியதுதான். எல்லாம் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பதில்:
2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முடிவெடுக்கும் திறன் இருக்கும்வரை சம்மதம் உங்களுடையது, வீட்டார் சந்தோஷம் சம்மதம் ஆகாது. ரிஸ்பெரிடோன் உடம்பில் மாறி உருவாவதுதான் பாலிபெரிடோன், அதனால் முற்றிலும் புது மருந்து இல்லை. எடை கூடுவது, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கூடுவது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
கால் பரபரப்பு பற்றி டாக்டர் சொல்லவே இல்லை. அடுத்த முறை தனியாகப் போய்க் கேட்கிறேன், அம்மா வெளியே உட்காரட்டும்.